பழைய பக்கங்களைத் திறக்க ஒரு பழைய விண்டோஸ்

பேஜ்மேக்கரில் வடிவமைத்து, பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய சஞ்சிகைப் பக்கங்கள் சில அண்மையில் என் கைக்கு வந்தன. அச்சுப் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். அதே ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை என் புதிய மடிக்கணினியில் நிறுவ முயன்றேன். முடியவில்லை.

எக்ஸ்பியின் நிறுவல் தட்டில் அக்காலத்து வன்பொருளுக்கான டிரைவர்களே உண்டு. ஏஎச்சிஐ முறையில் இயங்கும் வன்தட்டை அது அறியாது, நீலத்திரையில் நின்றுவிடும். சற்றுப் பழைய கணினியென்றால் பயோஸில் ஐடிஇ முறைக்கு மாற்றித் தப்பலாம். யூஇஎஃப்ஐயில் மட்டும் இயங்கும் புதியவற்றில் அந்த வழியும் இல்லை.

எனக்குக் கைகொடுத்தது வேர்ச்சுவல்பொக்ஸ். கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் பாவனை செய்யும் இந்த மென்பொருள், எக்ஸ்பிக்குத் தெரிந்த ஐடிஇ வன்தட்டையே அதற்குக் காட்டும். அதற்குள் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். எக்ஸ்பிக்கான மைக்ரோசொப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்துவிட்டது. பாமினியையும் நிறுவுங்கள், இல்லாவிட்டால் தமிழ், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

பக்கம் திறந்ததோடு வேலை முடியாது. பிடிஎஃப் பிரதி எடுத்து, எழுத்தை யுனிகோட்டுக்கு மாற்றி வையுங்கள். அடுத்து வாசிப்பவருக்கும் எக்ஸ்பி தேவைப்படக்கூடாது.