‘ஹாரோன் அஃப்’: இறைச்சினம் குறித்த எபிரேயத் தொடரும் தமிழ் விவிலியமும்

எபிரேய மொழியில் ‘அஃப்’ என்பது மூக்கு. சினத்தில் மூச்சு வெம்மையுறுவதால் சினத்திற்கும் அதுவே பெயராயிற்று. ‘ஹாரோன்’ என்பது எரிதல். இதன் வினைவடிவம் மாந்தர்க்கும் வரும்; பெயர்வடிவமோ எபிரேய விவிலியத்தில் இறைவனுக்கு மட்டுமே உரியது. யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தில் இரண்டும் அருகருகே உள்ளன. பொற்கன்றுக்குட்டியைக் கண்ட மோசேயின் சினத்தை வினை குறிக்கிறது. அவர் மன்றாடித் திருப்ப முயலும் இறைச்சினத்தைப் பெயர் குறிக்கிறது.

ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, மோசேக்குக் ‘கோபம்’ என்றும் இறைவனுக்குக் ‘கோபத்தின் உக்கிரம்’ என்றும் பிரித்து வழங்குகிறது. நுட்பமான தேர்வுதான். ஆயினும் ‘உக்கிரம்’ தனக்கென ஒரு சமய வரலாறுடைய சொல். இலண்டன் மிஷனரி சங்கம் 1827 முதல் பணியாற்றிய சேலம் வட்டாரத்தில், ஆத்தூர் முதலிய ஊர்களின் வழக்கில், உக்கிரம் அம்மனின் இயல்பு; ஆடியில் கூழ் வார்த்தும் நீராட்டியும் குளிர்விக்கப்படுவது. எபிரேயத் தொடர் சுட்டும் சினம் இங்கே உடன்படிக்கை மீறலால் எழுகிறது. அதைத் திருப்புவது சடங்கன்று, வழக்காடல்: ஆபிரகாமுக்கு அளித்த வாக்கை மோசே இறைவனுக்கே நினைவூட்டுகிறார். ‘உக்கிரம்’ என்று கேட்கும் செவிக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது.

இரண்டு அதிகாரங்கள் கழித்து (34:6) ‘எரெக் அப்பாயிம்’ வருகிறது. சொல்லுக்குச் சொல் ‘மூக்கு நீண்டவர்’, அதாவது சினங்கொள்ளத் தாமதிப்பவர். தமிழில் இது ‘நீடிய சாந்தம்’. மூக்கு மறைந்தது, எபிரேயத்தின் நீளம் மட்டும் ‘நீடிய’ என்னும் அடைமொழியில் எஞ்சியது.