சீதன உறுதியும் கடற்பயணமும்: தீவகத்தின் திருமண வழமை

யாழ்ப்பாணத் தீவகத்தில் கலியாணம் நெடுங்காலம் இரு குடும்பங்கள் காணி, வீடு, நகை பற்றிப் பேசி முடிக்கும் காரியமாகவே இருந்தது. அந்தப் பேச்சில் பெண்ணுக்குக் கிடைத்தது வேறு, ஆணுக்குக் கிடைத்தது வேறு. இருவரிடமும் ஊர் எதிர்பார்த்ததும் வேறு. மண உறவின் நிலைபேறு, பிரிவு, மறுமணம் ஆகியவற்றை ஆணும் பெண்ணும் ஒரே கண்ணால் பாராததற்கு இதுவே அடிப்படை. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களின் ஆண்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்ததும் இந்த வேறுபாட்டை வளர்த்தது.

இந்த ஏற்பாட்டின் சட்ட வடிவம் தேசவழமை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், வேலணைக்கு லைடன் என்றும் தம் நாட்டு நகரப் பெயர்களைச் சூட்டினர். சொத்து வழக்குகளைத் தீர்ப்பதற்கோ அவர்களுக்கு ஊரின் வழக்கமே தேவைப்பட்டது. ஆளுநர் சீமன்ஸின் பணிப்பின்பேரில் திசாவை என்ற பதவியிலிருந்த ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்து 1707இல் கையளித்தார். தமிழாக்கத்தை ஊர்த் தலைவர்களான முதலிமார் பன்னிருவர் பார்வையிட்டனர். பிரித்தானிய ஆட்சி 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் அதற்குச் சட்டவலு அளித்தது.

தேசவழமை குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோர் வழியாக வருவது முதுசம். மணமாகும்போது பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம். மணவாழ்வில் இருவரும் ஈட்டுவது தேடியதேட்டம். பழைய முறைப்படி தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்ந்தன. போர்த்துக்கேயர் காலத்தில் இந்தப் பிரிவினை தளர்ந்தது. எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் பரவியது. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மற்றச் சொத்தில் உரிமை கோர முடியாது என்ற விதி மட்டும் நிலைத்தது.

ஆகவே பெண்ணுக்குக் கலியாணமே சொத்துரிமை பெறும் வாயிலாயிற்று. வீட்டுக்காணி, தோட்டக்காணி, பனைகள், கிணற்றுப் பங்கு, வழி உரிமை எல்லாம் நொத்தாரிசு எழுதும் சீதன உறுதியில் அவள் பெயரில் ஏறின. பெரும்பாலும் மாப்பிள்ளையே மனைவியின் சீதன வீட்டுக்குக் குடிவந்தார். வீடும் அயலும் அவளுடையவை. தாயும் சகோதரிகளும் கூப்பிடு தொலைவில் இருந்தனர். ஆயினும் அந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டமும் இந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டது. கணவனுக்குத் தன் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் தேவைப்படவில்லை.

ஆணைக் கட்டிய கயிறு வேறு. தேசவழமைத் தொகுப்பின்படி, மணமாகாத மகனின் உழைப்புப் பெற்றோரின் பொதுச் சொத்தில் சேர்ந்தது. அதிலிருந்தே சகோதரிகளின் சீதனமும் போயிற்று. அக்கா தங்கையைக் கரைசேர்த்த பின்பே தன் கலியாணம் என்று அண்ணன் காத்திருப்பது ஊர் மெச்சிய நடத்தை. பிற்காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீதனத்துக்கு மேலாக ரொக்கமும் வாங்கினர். ‘டொனேசன்’ எனப்பட்ட அந்தப் பணம் பலமுறை மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாக மாறியது. இந்தியா 1961இல் வரதட்சணையைச் சட்டத்தால் தடுத்தது; இலங்கையில் அத்தகைய தடை வரவில்லை.

மழையை நம்பிய தீவுகளில் விவசாயம் மட்டும் இந்தச் சீதனங்களைத் தாங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆண்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை நடத்தினர். வேறு சிலர் மலாயாவுக்குப் போயினர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர். கணவன் திருவிழாவுக்கும் நல்லநாள் பெருநாளுக்கும் வந்துபோனார். அவர் வராத காலத்தில் காணி, பிள்ளைகளின் படிப்பு, கோயில் காரியம் யாவும் பெண்ணின் பொறுப்பு. ஒழுங்காக வந்துசேரும் காசும் கடிதமுமே ஆணின் அன்புக்குச் சாட்சியாகக் கொள்ளப்பட்டன. பெண்ணின் அன்போ வீட்டைக் கட்டிக் காத்திருப்பதால் அளக்கப்பட்டது. காத்திருப்பு வீணாகலாம் என்பதைச் சட்டமும் அறிந்திருந்தது. கணவன் கைவிட்டாலோ, இருக்குமிடம் தெரியாமற்போனாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோடு காணியை விற்க 1911ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது.

தேசவழமை அடிப்படையில் சொத்துச் சட்டம். மணமுறிவு 1907ஆம் ஆண்டின் பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தின் கீழ் வந்தது. பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிடுதல், மணக்கும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவையே அது ஏற்கும் காரணங்கள். இருவரும் மனமொத்துப் பிரிய அதில் இடமில்லை. கண்டிச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. ஊர்காவற்றுறைப் பகுதியின் கத்தோலிக்கருக்குத் திருமணம் முறிக்க முடியாத திருவருட்சாதனம். சைவருள்ளும் நீதிமன்றம் போனவர் சிலரே. கணவன் போய்விட்டாலும் பெண் தாலியோடு தன் சீதன வீட்டில் இருந்தாள். ‘வாழாவெட்டி’ என்ற சொல் அவளுக்கு மட்டுமே உண்டு, ஆணுக்கு அதற்கு நேரான சொல் இல்லை.

மறுமணத்திலும் இதே நிலை. துணையை இழந்தவர் மறுபடி மணந்தால், தாயோ தகப்பனோ, முதல் மணத்துப் பிள்ளைகளின் பங்கை ஒப்படைக்க வேண்டும் என்று தேசவழமைத் தொகுப்புச் சொல்கிறது. ஊரோ இருவரையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. மனைவியை இழந்த ஆண் அவள் தங்கையை மணப்பதை அது ஏற்றது. உயர்சாதியெனப்பட்டோரிடையே விதவை மறுமணத்தை ஊர் ஏற்கவில்லை.

உள்நாட்டுப் போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. 1990, 1991ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் கனடா, ஐரோப்பிய நாடுகள் சென்றனர். சீதன வீடுகள் பாழடைந்தன. மனைவியின் ஊருக்கு மாப்பிள்ளை போன வழக்கம் மாறி, மாப்பிள்ளையின் நாட்டுக்குப் பெண் விமானம் ஏறினாள். புலம்பெயர்ந்த நாடுகளில் தனக்கென வருமானமும் எளிதான மணமுறிவுச் சட்டமும் அவளுக்குக் கிடைத்தன. தாய் வீட்டின் அயற்துணை கிடைக்கவில்லை. இலங்கையில் தேசவழமை இன்றும் சட்டம். ஊரிலுள்ள சீதனக் காணியை விற்க விரும்பும் மணமான பெண்ணுக்குக் கணவனின் கையெழுத்து இன்னும் தேவைப்படுகிறது.