ஐந்தொகையிலிருந்து டேலி வரை: செட்டிநாட்டுக் கணக்கும் உற்பத்தியாளர் மென்பொருளும்

உற்பத்தியாளருக்கான நிர்வாக மென்பொருளின் வரலாறு மேலைநாடுகளில் சரக்கறையில் தொடங்குகிறது. 1960களில் ஜோசப் ஆர்லிக்கி முதலியோர் வகுத்த மூலப்பொருள் தேவைத் திட்டம், எந்தப் பாகம் எந்த நாளில் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணிக்கப் பிறந்தது. நிதிக் கணக்கும் சம்பளமும் விற்பனையும் அதனோடு பின்னர் இணைந்தன. 1990இல் கார்ட்னர் நிறுவனம் அந்தத் தொகுப்புக்கு ஈஆர்பி என்று பெயரிட்டது. நம் சிறு உற்பத்தியாளருக்கு மென்பொருள் வந்த வழி வேறு. அது பேரேட்டிலிருந்து கிளம்பியது. அந்த வழியின் பலமும் குறையும் செட்டிநாட்டின் வணிக வரலாற்றில் முன்பே தென்படுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் 'கொண்டு விற்க'ச் சென்ற காலத்தில் முதலாளி பெரும்பாலும் பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடையை நடத்துபவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்றாண்டுத் தவணைக்குப் போன ஏஜெண்டு. இருவருக்கும் நடுவே கடல். அன்றாட வரவுசெலவு சிட்டையில் ஏறும். சிட்டை பெயர்வாரியாகப் பேரேட்டுக்கு மாறும். பேரேடு ஐந்தொகையாகச் சுருங்கி ஊர் வந்து சேரும். 1930இல் வெளியான பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகளும் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் முதலும் இருந்ததாக மதிப்பிட்டது. இவ்வளவையும் தொலைவிலிருந்து ஆள முடிந்ததற்கு உறவும் கோயிலும் தந்த நம்பிக்கையே காரணம் என்பர் சிலர். நம்பிக்கை இருந்தது உண்மை. அதற்கு வடிவம் கொடுத்தது ஏடு. ஏஜெண்டு மாறினாலும் வந்தவர் அதே பேரேட்டைத் தொடர்ந்து எழுத முடிந்தது. கிளைகளின் நிலையை ஒரே திரையில் காட்டும் இன்றைய மென்பொருள் செய்வதும் அடிப்படையில் இந்த வேலைதான். ஆனால் அந்த ஏடு எண்ணியது பணத்தை. பணம் ஊறாது, காயாது, உடையாது. சரக்கு அப்படியல்ல. நகரத்தார் பர்மாவில் அரிசி ஆலைகளும் வைத்திருந்தார்களே எனலாம்; வைத்திருந்தார்கள், எனினும் அவர்களின் முதன்மைத் தொழில் கடைசிவரை கடன் கொடுப்பதுதான்.

பள்ளத்தூர் முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவில் தொடங்கிய வட்டித் தொழிலின் வழிவந்த குடும்பம் 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியபோது, எந்தப் பாகம் எப்போது எவ்வளவு வேண்டும் என்பதுபோல் ஐந்தொகை விடை சொல்லாத கேள்விகள் எழுந்திருக்கும். பெரிய ஆலைகள் அவற்றுக்குத் தனி முறைகளைத் தேடிக்கொண்டன. 1990களில் சென்னையிலேயே ராம்கோவின் மார்ஷல் என்ற ஈஆர்பி மென்பொருள் வந்தது. சிறு பட்டறைக்குக் கிடைத்தது டேலி என்ற கணக்கு மென்பொருள். ஆலைகளுக்கு இயந்திர பாகங்கள் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பாரத்தும் 1986இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம், தங்கள் கணக்கை எழுத ஏற்ற மென்பொருளைத் தேடியதன் விளைவு. ஈஆர்பி மென்பொருள் நிறுவனமான ஜெர்மனியின் எஸ்ஏபியும் முதலில் நிதிக் கணக்கைத்தானே எழுதியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதன் முதல் வாடிக்கையாளர் ஒரு நைலான் ஆலை. கணக்கும் சரக்கும் அங்கே விரைவில் பிணைந்துவிட்டன. இங்கே அரசின் சட்டங்களும் மென்பொருளைப் பேரேட்டின் பக்கமே தள்ளின: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2023 ஏப்ரலில் நிறுவனக் கணக்குகளில் திருத்தத் தடம் கட்டாயம், அதே ஆண்டு ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின்விலைப்பட்டியல்.

பேரேட்டில் அடங்காதது எது என்று பார்க்க, செட்டிநாட்டின் ஆத்தங்குடியில் செய்யும் தரைக்கல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். எந்தத் தொட்டியில் எந்த நாள் போட்ட கல் இருக்கிறது, முந்தைய வண்ணம் மறுபடி அதே சாயலில் வருமா, எத்தனை கல் உடைந்தது என்பவைதான் அங்கே லாபத்தைத் தீர்மானிப்பவை. விலைப்பட்டியல் உருவாகும்போது இவையெல்லாம் முடிந்துபோயிருக்கும். இவ்வளவு சிறிய பட்டறைக்கு மென்பொருள் எதற்கு என்பாருண்டு. கடல் கடந்த கடைகளை நாலு ஏடுகளால் ஆண்ட ஊரில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. கருவி எளியதாக இருந்தால் போதும். காரைக்குடி வட்டாரப் பட்டறைகளுக்கு மென்பொருள் எழுத முன்வருவோர் வரிப் படிவத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, ஊறல் தொட்டியின் தேதியிலிருந்து தொடங்கட்டும்.