கதவு தட்டப்படவில்லை

வீட்டினுள் இருந்தபடியே ஒருவர் குளிரால் விறைத்துச் சாகக்கூடும் என்பது வெயிலில் வளர்ந்த நமக்கு எளிதில் விளங்காத செய்தி. உறைபனி நாடுகளிலோ எரிவாயுவும் மின்சாரமும் வசதிப் பொருள்கள் அல்ல. மூச்சுக் காற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளவை. அவற்றை வழங்கும் நிறுவனம், கட்டணம் வரவில்லை என்பதற்காக நிறுத்திவிடலாமா? அண்மைக்கால வரலாறு இவ்வினாவைச் சில முதியோரின் சாவைக் கொண்டே எழுப்பியிருக்கிறது.

2009-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டி நகரில், மனைவியை இழந்து தனித்து வாழ்ந்த 93 வயது முதியவர் ஒருவர் தம் இல்லத்தில் குளிரால் இறந்து கிடந்தார். ஆயிரம் டாலருக்குச் சற்று மேற்பட்ட மின்கட்டணம் நிலுவையில் இருந்தது. நகராட்சியே நடத்திய மின் நிறுவனம், சில நாள்களுக்கு முன் அவர் வீட்டு மீட்டரில் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தது. குறித்த அளவுக்கு மேல் மின்சாரம் எடுத்தால் அது மின்னோட்டத்தை நிறுத்திவிடும். மீண்டும் பெற, வெளியே சென்று அதனை இயக்க வேண்டும். இதனை அவரிடம் நேரில் எவரும் விளக்கவில்லை.

அவர் வறியவரா? இல்லை. ஐந்து இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட உடைமையை உள்ளூர் மருத்துவமனைக்கு எழுதி வைத்திருந்தார் என்பது பின்னர்த் தெரிந்தது. சமையலறை மேசைமேல் கட்டணச் சீட்டுகளோடு பணமும் செருகப்பட்டிருந்ததாக அண்டை வீட்டார் கூறினர். பணம் இருந்தது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நினைவோ வலுவோதான் இல்லை. முதியோரைக் குளிர்காலத்தில் காக்கும் விதிகள் அம்மாநிலத்தில் அன்றே இருந்தன. ஆனால் நகராட்சி நிறுவனங்கள் அவ்விதிகளுக்கு உட்படவில்லை. அச்சாவுக்குப் பின்னரே அந்நகராட்சி அக்கருவிகளைக் கைவிட்டது.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2003-இல், தென் இலண்டனின் டூட்டிங் பகுதியில் எண்பது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் தம் வீட்டில் இறந்து கிடந்தனர். ஏறத்தாழ 140 பவுண்டு பாக்கிக்காக அவர்கள் வீட்டு எரிவாயு சில வாரங்களுக்கு முன்பே துண்டிக்கப்பட்டிருந்தது. அங்கும் சேமிப்பு இருந்தது. சமூகநலத் துறைக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டபோது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது என்று நிறுவனம் விடையிறுத்தது. உயிரைக் காக்கும் செய்தியைச் சொல்ல அச்சட்டம் தடையன்று என்று அச்சட்டத்தைக் கண்காணிக்கும் அலுவலகமே தெளிவுபடுத்தியது.

இங்கே ஒரு முரண்பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே இங்கிலாந்தில், கட்டண பாக்கிக்காக வீடுகளின் குடிநீரைத் துண்டிப்பதை 1999-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துவிட்டது. தண்ணீர் உயிர் என ஒப்புக்கொள்ளப்பட்டது. வெப்பமோ விற்பனைச் சரக்காகவே நின்றது. அம்முதியோரின் சாவுக்குப் பின், 2004-இல், நலிந்த நிலையில் உள்ளோர் எனத் தெரிந்தால் துண்டிப்பதில்லை என்று எரிசக்தி நிறுவனங்கள் உறுதியளித்தன.

ஆயினும் 'தெரிந்தால்' என்னும் அச்சொல்லில்தான் இடர் அடங்கியிருக்கிறது. தெரிந்துகொள்ள முயலாதவருக்கு எதுவும் தெரிவதில்லை. ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில், துண்டிக்கும் முன் நகராட்சியின் சமூகநலப் பிரிவைக் கேட்டறிய வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் சட்டமே கட்டளையிட்டது. எனினும் 2016 நவம்பரில், அங்குள்ள ரெயுஸ் நகரில், மின்சாரம் துண்டிக்கப்பட்டு ஏறத்தாழ இரு திங்களாக இருளில் வாழ்ந்த 81 வயது மூதாட்டி, மெழுகுவர்த்தியால் மூண்ட தீயில் உயிரிழந்தார். அவருடைய குடிநீர்க் கட்டணத்துக்கு நகராட்சி ஏற்கெனவே உதவி வந்தது. மின்சாரத்தைப் பற்றி மட்டும் தன்னிடம் எவரும் கேட்கவில்லை என்று அது கூறியது. ஒரு கடிதம் போதுமானதாக இருந்திருக்கும்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒருவர் செலுத்தாத கட்டணம் பிறர் தோளில் ஏறுகிறது. செலுத்த வல்லவர் ஏமாற்றுவதும் உண்டு. ஆனால் ஒரு கடைக்காரர் அரிசி தர மறுத்தால் அடுத்த கடைக்குச் செல்லலாம். வீட்டினுள் வரும் குழாய் ஒன்று; கம்பியும் ஒன்று. அதை அறுப்பவர், உள்ளே இருப்பவர் யார் என்று பார்த்தபின் அறுக்கக் கடமைப்பட்டவர். செலுத்த மனமில்லாதவர், செலுத்த இயலாதவர், செலுத்த மறந்தவர் ஆகிய மூவரும் கணக்கேட்டில் ஒரே வரியாகத்தான் தெரிவர். அவர்களைப் பிரித்தறியக் கணக்கேட்டால் இயலாது; கதவைத் தட்டும் ஒரு மனிதரால் இயலும்.

இம்மூன்று நிகழ்வுகளுக்கும் பின் விதிகள் திருந்தின. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முதியவரின் உயிர் விலையாயிற்று. நம் தெருவிலும் சில நாள்களாகத் திறக்கப்படாத கதவு இருக்கலாம். அதைத் தட்டுவதற்கு நமக்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.