செவியால் காணும் அட்டவணை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் ஏறும்போது ஒருமுறை கண்களை மூடிக்கொண்டு அமர்ந்து பாருங்கள். வளைவு நெருங்க நெருங்க எஞ்சினின் ஒலி தாழும். ஓட்டுநர் கியரை மாற்றியதும் உயரும். செம்மேடு சேருமுன் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் செவியாலேயே எண்ணிவிடலாம். மலைப்பாதையின் ஏற்ற இறக்கத்தைக் காது வரைந்துகொள்கிறது அல்லவா?

இதே இயல்பைக் கொண்டு, எண்கள் நிறைந்த அட்டவணையைப் பார்வையற்றவர் அறிய முடியுமா? இவ்வினாவின் வரலாறு சுவையானது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த ஃபோர்னியர் டால்பே 1910-களில் 'ஆப்டோபோன்' என்னும் கருவியை அமைத்தார். ஒளி பட்டால் செலினியத்தின் மின்தடை குறையும் என்பதே அதன் அடிப்படை. அச்செழுத்தின் மேற்பகுதி, நடுப்பகுதி, அடிப்பகுதி ஆகியவை வெவ்வேறு சுரங்களாய் ஒலித்தன. 1918-இல் மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண்மணி இக்கருவியால் பலர் முன்னிலையில் படித்துக் காட்டினார்.

எழுத்து ஒலியாயிற்று, எண்கள்? 1985-இல் அமெரிக்காவில் மான்சூர், பிளாட்னர், ஜாய் ஆகிய மூவர் 'ஒலி வரைபடம்' பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கிடை அச்சு காலமாகும்; குத்தச்சு சுருதியாகும். ஓராண்டின் மழை அளவுகளை இவ்வாறு ஒலித்தால், தைமாதத்தில் தாழ்ந்திருக்கும் சுருதி ஐப்பசியில் உயர்வதைக் கேட்கலாம். பன்னிரண்டு எண்களை மனத்தில் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் அட்டவணைக்கு நிரலும் உண்டு, நிரையும் உண்டு. இங்குதான் நம் நாட்டவர் ஒருவர் வருகிறார். புனேயில் பிறந்த டி.வி. ராமன் பதினான்காம் வயதில் பார்வையை இழந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் உருவாக்கிய 'ஆஸ்டர்' என்னும் கணிப்பொறி நிரல் கணிதச் சமன்பாடுகளை ஒலியாக்கியது. அட்டவணையின் ஒரு வரிசையைப் படிக்கும்போது குரல் இடச் செவியிலிருந்து வலச் செவிக்கு நகரும். எண் எந்தப் பத்தியில் உள்ளதென்று திசையே சொல்லிவிடும்.

2006-இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்னும் இலவசத் திரைபடிப்பான் இன்று தமிழையும் படிக்கிறது. கட்டத்திலிருந்து கட்டத்திற்கு நகரும்போது தலைப்பையும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: எது தலைப்பு என்பதை அட்டவணை அமைப்பவர் குறித்திருக்க வேண்டும். அட்டவணையைப் படமாக ஒட்டிவிட்டால் கட்டங்களே இல்லாமற் போகும்.

நானும் ஆய்வக அளவீடுகளைப் படம்பிடித்து மாணவர்க்கு அனுப்பியவன்தான். அந்த ஒரு நிமிடச் சோம்பல், பார்வையற்ற மாணவருக்கு இயற்பியலின் கதவையே அடைத்துவிடக்கூடும் என்று அப்போது எண்ணவில்லை. இப்போது கட்டம் கட்டமாகத் தட்டெழுதி, தலைப்புகளைக் குறித்தே அனுப்புகிறேன். நீங்களும் அடுத்த அட்டவணையை அனுப்புமுன், கண்களை மூடி அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.