சீட் கிடைத்தால் போதுமா?

பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் வீட்டில் பேச்சு முழுக்க சீட் பற்றித்தான். எங்கள் வீட்டிலும் இந்த வருடம் அதே கதை. மகளுக்கு இயற்பியல் மேல் ஆசை. சீட் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக, நம்ம ஊர் இந்திய அறிவியல் கழகத்தின் (பழைய ஆட்களுக்கு இன்றும் 'டாடா இன்ஸ்டிட்யூட்') வரலாற்றிலிருந்து இரண்டு பெண்களின் கதை.

1933-ல் சர் சி.வி.ராமன் அங்கே இயக்குனராக வந்தார். முதல் இந்திய இயக்குனர், நம் திருச்சிக்காரர், நோபல் வாங்கி மூன்றே வருடம். அதே வருடம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. முதலிடத்தில் தேறிய கமலா பாக்வத் விண்ணப்பித்தார். ராமன் மறுத்தார். மதிப்பெண் போதாமல் இல்லை, பெண் என்பதால்! கமலா விடவில்லை. நேரிலேயே வந்து சத்தியாகிரகம் என்று நின்றார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் வருடம் முறையான மாணவி கிடையாது, வேலை திருப்தியாக இருந்தால்தான் அங்கீகாரம், ஆய்வகச் சூழல் தன்னால் கெடக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்று உள்ளே போனவர், 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். திருமணத்துக்குப் பின் கமலா சொஹோனி. நம் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்திலும் வேலை பார்த்திருக்கிறார்.

அவர் திறந்த கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஹானர்ஸ் முடித்து, உதவித்தொகையுடன் 1940-ல் ராமனின் ஆய்வகத்துக்கே வந்தார். வைரத்தின் ஒளிர்வு பற்றி ஆராய்ச்சி. படம் விழ பதினைந்து இருபது மணி நேரம் ஆகும் என்பதால் பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூக்கம். ஆண் மாணவர்களோடு சகஜமாகப் பேசி விவாதிக்க வழி இல்லை. அப்படியும் ஐந்து கட்டுரைகள் எழுதி, 1945-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பட்டம் தரவேண்டியது சென்னைப் பல்கலைக்கழகம். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். கடைசிவரை அவர் 'டாக்டர்' ஆகவில்லை. ஆனால் இந்திய வானிலைத் துறைக்குக் கருவிகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். நாடு முழுக்க வெயிலையும் காற்றையும் அளந்து புத்தகமாக்கினார். நாகர்கோவில் போகிற வழியில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்தால் அவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ராமனைக் குறைத்துப் பேசுவது நோக்கமல்ல. முதலில் மறுத்தவரே பிறகு பெண்களுக்கு இடம் கொடுத்தார், அதுவும் வரலாறுதான். எனக்குப் பட்டது வேறு. கமலாவுக்கு வாசலில் தடை, அன்னா மணிக்கு உள்ளே தனிமை, வெளியே வரும்போது காகிதத்தில் தடை. மூன்றும் வேறு வேறு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகிவிடாது.

இன்றைக்கும் இதே கணக்குதான். 2016-ஆம் வருடச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு. நல்லது. ஆனால் சக்கர நாற்காலி நுழைய முடியாத ஆய்வகத்தில் அந்த சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வரும் பையன் புரியாத பாடத்தை யாரிடம் கேட்பான்?

கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் கட்டணத்தோடு சேர்த்து இதையும் விசாரியுங்கள். எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், அதில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்றும் கேளுங்கள்.