புள்ளி என்றால் ஆள்

அவனியாபுரத்திலிருந்து பெரியார் நிலையம் போய், அங்கே பேருந்து மாறி, தேனி சாலையில் பல்கலை நகர் வரை போகிற பிள்ளைகளிடம் என்ன பாடம் என்று கேட்டால் ‘ஸ்டாட்ஸ்’ என்பார்கள். கணிதம் படிப்பவருக்கு அது அலைடு பேப்பர். பி.காம். படிப்பவருக்கு பிசினஸ் ஸ்டாட்ஸ். உளவியல், பொருளியல் படிக்க வந்து, கணக்கிலிருந்து தப்பித்தோம் என்று இருந்தவர்களையும் இரண்டாம் பருவத்தில் பிடித்துக்கொள்ளும். அரியர் விழுந்தாலும் ‘ஸ்டாட்ஸ்ல விழுந்துருச்சு’தான். ‘புள்ளியியல்ல விழுந்துருச்சு’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் தமிழ்வழி வினாத்தாளிலும் பதினோராம் வகுப்புப் பாடநூலின் அட்டையிலும் அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பலகையிலும் நிற்கிற பெயர் அதுதான். வாயில் வராமல் எழுத்தில் மட்டும் வாழ்கிற பெயர்களில் எனக்கு மிகப் பிடித்தது இது.

முதலில் ‘ஸ்டாட்ஸ்’ பிறந்த கதை. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காட்ஃபிரீட் அகன்வால் 1749-இல் ‘ஸ்டாட்டிஸ்டிக்’ என்ற பெயரை நூலில் ஏற்றிப் பரப்பினார். அரசாளும் விவகாரம் தெரிந்தவரை இத்தாலிய மொழியில் ‘ஸ்டாட்டிஸ்டா’ என்பார்கள். அந்த வேரிலிருந்து எடுத்தது. அவருடைய பாடத்தில் கணக்கு குறைவு. ஒரு நாட்டின் நிலம், குடிகள், வருவாய், படை ஆகியவற்றைச் சொற்களால் விவரிப்பதே அது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் அந்தச் சொல்லைக் கொண்டு போனவர் ஜான் சின்கிளேர். ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு திருச்சபைப் பங்குக்கும் நூற்றறுபதுக்கு மேற்பட்ட கேள்விகளை அனுப்பி, பாதிரியார்களை விடாமல் நச்சரித்துப் பதில் வாங்கி, 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளியிட்டார். ஜெர்மானியர் அரசின் வலிமையை அளந்தார்கள்; நான் குடிகள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன் என்பது அவர் வாதம். மகிழ்ச்சியை அவர் அளந்தாரோ இல்லையோ, சொல்லின் தலையில் அரசு உட்கார்ந்திருப்பது மட்டும் மாறவில்லை.

இந்தியாவில் இந்த அறிவியல் வேர்விட்டபோது மகலனோபிஸ் வேறு பக்கம் போனார். 1931 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கி, 1933-இல் ஓர் ஆய்விதழும் கொண்டுவந்தார். அதன் பெயர் ‘சாங்க்யா’. எண் என்ற பொருளும் தெளிந்த அறிவு என்ற பொருளும் அந்த வடசொல்லுக்கு உண்டு என்று முதல் இதழிலேயே விளக்கினார். இந்தியின் ‘சாங்க்யிகி’யும் கன்னடத்தின் ‘சங்க்யாசாஸ்திர’மும் அதே குடும்பம். மலையாளிகள் ‘ஸ்திதிவிவரக்கணக்கு’ என்கிறார்கள். அரசு, எண், நிலைமை என்று அக்கம்பக்கமெல்லாம் பெரிய பெரிய கருத்துகளைப் பிடித்துக்கொண்டிருக்க, தமிழ் மட்டும் ஒரு பொட்டை எடுத்து வைத்துக்கொண்டது.

அந்தப் பொட்டுக்குத் தமிழில் வயது அதிகம். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் எட்டாம் இயலுக்குப் பெயர் ‘புள்ளிமயங்கியல்’. அங்கே புள்ளி என்றால் மெய்யெழுத்து. மெய்யின் தலையில் இடும் குறி எழுத்துக்கே பெயராகிவிட்டது. குறி, குறிக்கப்படும் பொருளின் பெயராவது இந்தச் சொல்லின் பிறவிக்குணம் போலிருக்கிறது. கணக்குக்கு வந்தபோதும் அதுவே நடந்தது. ஆளுக்கொரு பொட்டு வைத்து எண்ணினால், பொட்டே ஆளாகிவிடுகிறது. ‘ஊர்ல பெரிய புள்ளி’ என்கிறோமே, அந்தப் புள்ளிக்கு வட்டமும் இல்லை, மையும் இல்லை; ஆள்தான்.

இதை வழக்காகவே வைத்திருப்பவர்கள் மதுரைக்கு வடகிழக்கே, செட்டிநாட்டு நகரத்தார். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொன்றிலும் அதன் பங்காளிகளின் புள்ளிக் கணக்கு. மணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி தலைக்கு இத்தனை என்று அல்ல, புள்ளிக்கு இத்தனை என்று விழும். மணமாகாத மகன் எவ்வளவு சம்பாதித்தாலும் புள்ளி இல்லை. கணவனை இழந்த பெண் அரைப்புள்ளி. மதுரைப் பக்கத்து ஊர்களில் இதே காரியத்தைத் ‘தலைக்கட்டு வரி’ செய்கிறது; திருவிழாவுக்கு யார் வரி கொடுப்பது, யார் மரியாதை பெறுவது என்பதெல்லாம் யார் தலைக்கட்டு என்பதில் அடங்கும். ‘புள்ளிவிவரம்’ என்ற செய்தித்தாள் சொல்லும் அதிலிருந்து இயல் சேர்ந்து சுருங்கிய ‘புள்ளியியல்’ என்ற பாடப் பெயரும் இந்தக் கணக்கேடுகளின் மூச்சுக்காற்றில்தான் வளர்ந்தன என்பது என் எண்ணம்.

அரைப்புள்ளி என்ற சொல்லைக் கேட்டு மனம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டியதும்தான். ஆனால் முதல் வாரப் புள்ளியியல் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி அதற்குள் இருக்கிறது: எதை ஒன்று என்று எண்ணுகிறாய்? அந்த ‘ஒன்று’ வானத்திலிருந்து விழுவதில்லை, எண்ணுகிறவர் முடிவு செய்கிறார். நம் வகுப்புகள் இந்தக் கேள்வியைத் தாண்டி நேரே சூத்திரத்துக்குப் போய்விடுகின்றன. தேர்வறைக்குள் அட்டவணைப் புத்தகம் கொடுக்கிறார்கள்; எந்த மதிப்பை எந்த வரிசையில் பார்ப்பது என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிகிறது.

தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கலாம். வாடிவாசலில் அவிழ்க்கும் மாடு ஒரு புள்ளியா, களத்தில் நிற்கும் வீரர் ஒரு புள்ளியா? மாட்டை எண்ணினால் பிடிபட்டது, பிடிபடாதது என்று இரண்டே விடை. வீரரை எண்ணினால் ஒன்று, மூன்று, பத்து என்று நீளும். பத்து வீரர்களில் ஏழு பேருக்கு வெறுங்கை, இருவருக்கு ஒவ்வொன்று, ஒருவருக்கு மட்டும் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 2. இரண்டு மாடு பிடித்த ஆள் அங்கே ஒருவர்கூட இல்லை. இடைநிலை 0, முகடும் 0. காரைப் பரிசாக வாங்கிப் போகிறவர் ஒருவரே சராசரியைத் தூக்கி நிறுத்திவிட்டார். ஒரே நாள், ஒரே களம். புள்ளியை மாற்றினால் கதை மாறுகிறது.

சொற்களில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. சராசரி பாரசீகத்து ‘சராசரி’. உருதுவின் வழியே கச்சேரிக் கணக்குகளில் புகுந்து நம்முடையதாகிவிட்டது. முகடோ வீட்டுக் கூரையின் உச்சி. அதிகம் பேர் குவிகிற மதிப்புக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. கடல் தாண்டினால் அகராதியே வேறு. இலங்கைத் தமிழர் சராசரியை ‘இடை’ என்றும் இடைநிலையை ‘இடையம்’ என்றும் முகட்டை ‘ஆகாரம்’ என்றும் படிக்கிறார்கள். பாடத்தின் பெயரை அவர்கள் சுருக்கவில்லை: ‘புள்ளிவிபரவியல்’. இலக்கணப்படி அதுதான் சரி. எனக்கென்னவோ விவரத்தை உதறிவிட்டு வெறும் புள்ளியோடு நிற்கிற நம் பெயரே பிடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் தேர்வு மதிப்பெண்ணுக்கும் புள்ளி என்றுதான் பெயர் என்பதால், அங்கே ஒரு மாணவர் புள்ளிவிபரவியலில் எத்தனை புள்ளி என்று கவலைப்பட வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய சொற்களில் என்னை நிறுத்தி வைப்பது, ‘ரிக்ரெஷன்’ என்பதற்கு அவர்கள் சொல்கிற ‘பிற்செலவு’. செலவு என்றால் பழந்தமிழில் போதல். பின்னோக்கிப் போதல் பிற்செலவு. தமிழ்நாட்டுப் பாடநூல் இதையே ‘தொடர்புப் போக்கு’ என்று மழுப்புகிறது. பிரான்சிஸ் கால்டன் 1886-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னது பின்னோக்கிப் போவதைத்தான்: மிக நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள், பெற்றோர் அளவுக்கு நெட்டையாக இராமல், பொது உயரத்தை நோக்கிச் சற்றுத் திரும்புகிறார்கள்.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் 928 பேர். பெற்றோரை எப்படி எண்ணுவது என்பதில் அவருக்கும் சிக்கல். தகப்பன் ஒரு உயரம், தாய் ஒரு உயரம். தாயின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி, தகப்பனுடையதோடு கூட்டி, இரண்டால் வகுத்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே எண். அப்படி அவருக்குக் கிடைத்தவர்கள் 205 இணைகள். இளையாத்தங்குடிக் கோயிலில் கணக்கெழுதுகிறவரிடம் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால், யோசிக்காமல் 205 புள்ளி என்று எழுதியிருப்பார்.